கண் சிமிட்டும் பல்லி! சுவர் ஏறத் தெரியாத பல்லி!

(காட்சி: இரவு. டார்ச் வெளிச்சத்தில் பல்லியின் முகம், மிக அருகில்)

இந்தப் பல்லியோட கண்ணையே பாருங்க. விடாம பாருங்க... இதோ! மூடித் திறந்துச்சு, கவனிச்சீங்களா?

இதுல என்ன அதிசயம்னா, வீட்டுப் பல்லிக்கு இமையே கிடையாது. கண்ணு மேல தெளிவான ஒரு படலம் மட்டும்தான். தூசி விழுந்தா நாக்கை நீட்டி நக்கித் துடைச்சுக்கும். தூங்குறப்பவும் கண் திறந்தேதான் இருக்கும். ஆனா இந்தச் சிறுத்தைப் பல்லி நிம்மதியா இமையை மூடித் தூங்குது! விரல்லயும் ஒட்டுற பட்டை இல்ல, நகம் மட்டும்தான். வழுவழுப்பான சுவர்ல ஏறவே முடியாது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா, இதுதான் இதோட நாடு. 1854-ல எட்வர்ட் பிளைத்ங்கிற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். வறண்ட இடம்னதும் மணல்மேட்டை நினைக்காதீங்க. கல்லும், இறுகின மண்ணும், முள்ளுப் புதரும் இருக்கணும். பகல்ல பாறை இடுக்கு, பொழுது சாய்ஞ்சா வேட்டை. பூச்சி, சிலந்தி, தேள்கூட தப்பாது.

(காட்சி: தடித்த வால்)

இந்த வால்தான் அதோட கட்டுச்சோறு. கொழுப்பு முழுக்க இங்கதான் சேருது. குளிர்காலத்துல வளைக்குள்ள முடங்கிக் கிடக்குறப்ப அதைக் கரைச்சுத்தான் உயிர் பிழைக்கும். எதிரிகிட்ட மாட்டினா அதையே கழட்டி விட்டுட்டு ஓடிடும். திரும்ப முளைக்கிற வால் மொழுக்குன்னு, குண்டா இருக்கும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ரெண்டு முட்டை. உள்ளே இருக்கிறது ஆணா, பெண்ணா? அதைத் தீர்மானிக்கிறது சூடு! 26 டிகிரி செல்சியஸ்ல இருந்தா கிட்டத்தட்ட எல்லாமே பெண். 32, 33 டிகிரிக்குப் போனா பெரும்பாலும் ஆண். அப்போ இன்னும் சூடானா இன்னும் அதிகமா ஆணா? அதான் இல்ல! 34, 35-ல மறுபடியும் பெண்! அதுவும் சூட்டுல பொரிஞ்ச பெண் பல்லிங்க, குளிர்ச்சியில பொரிஞ்சதுங்களைவிட முரட்டுத்தனமா சண்டை போடுதுங்க. ஒண்ணு ரெண்டு டிகிரியில ஒரு தலைமுறையே மாறிடுதுங்க! பூமி சூடாகுறதைப் பத்திப் பேசுறப்ப இந்த முட்டைங்கதான் என் ஞாபகத்துக்கு வரும்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். இது கடிச்சா ஆள் பிழைக்க மாட்டான்னு இது வாழுற பகுதிகள்ல பலரும் நம்பி, பார்த்ததும் அடிச்சுக் கொல்றாங்க. இதுக்கு விஷமே கிடையாது! ராஜஸ்தான் பக்கம் வேலை பாக்குற உங்க நண்பர்களுக்கு இந்த வீடியோவைக் கண்டிப்பா அனுப்புங்க.