டீச்சரம்மா

நேயர்களுக்கு வணக்கம். என் பாட்டியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் ஆயா என்போம், நானும் அப்படியே சொல்கிறேனே. குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் அவரை டீச்சரம்மா என்றால்தான் தெரியும். 1960-ல் வேலைக்குச் சேர்ந்து 1998-ல் ஓய்வுபெறும்வரை தொடக்கப் பள்ளி டீச்சர். பதவி உயர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

முதலமைச்சரான காமராஜர் 1954-ல் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது குடியாத்தம் இடைத்தேர்தலில். மதிய உணவுப் பேச்சு வந்தால் ஆயா, "நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவரு போட்ட சோறு" என்பார். அந்தத் தேர்தலின்போது ஆயாவுக்கே பதினாலு வயசுதான், ஓட்டு ஏது?

ஆனால் சோறு போட்டும் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகள் இருந்தார்கள். குடியாத்தம் பக்கம் கைத்தறி, தீப்பெட்டி, பீடி என்று வீட்டுக்கு வீடு வேலை. அதிலும் பீடி, பெண்களின் மடியிலேயே நடக்கிற தொழில். இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைப்பார்கள். பதமானதும் தகடு வைத்துக் கத்தரிப்பார்கள். முறத்தில் தூளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சுருட்டுவதும் நூல் கட்டுவதும் இருட்டும்வரை ஓடும். பீடியின் வாயை மடித்துவிடுகிற வேலைக்குச் சின்ன விரல்தான் வாகு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பெண் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துவிடும், வருகைப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆப்சென்ட்' விழும்.

ஆயா மணி அடித்ததும் வீட்டுக்கு வரமாட்டார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். "பொண்ணு எங்கம்மா?" "ஒடம்பு சரியில்ல டீச்சரம்மா." ஆயா பிள்ளையைக் கூப்பிட்டு விரலை மோந்து பார்ப்பார். புகையிலை வாசனை சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. அப்புறம் அந்த அம்மாவைத் திட்டுவார் என்றுதானே நினைப்பீர்கள்? மாட்டார். முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு எத்தனை சுருட்டினாய், கம்பெனியில் எத்தனையைக் கழித்தார்கள் என்று விசாரிப்பார். கூலி குறைந்தால் பிள்ளைதான் பள்ளியிலிருந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்க வழி பிறந்தது. அதற்கு அடையாள அட்டை வேண்டும், விண்ணப்பம் வேண்டும், பள்ளியில் படிக்கிறாள் என்ற சான்று வேண்டும். ஆயாவுக்கு இது போதாதா! சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அறிவுரை சொல்லி எந்தத் தாயையும் வழிக்குக் கொண்டுவர முடியாது, கையில் பணம் வரும் என்றால் யோசிப்பாள் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

வீட்டில் ஆயா அவ்வளவு பொறுமைசாலி இல்லை. எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக நினைவே இல்லை, கையெழுத்து கோணினால் மட்டும் குட்டு விழும். எழுத்து என்றதும் இன்னொன்று. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. லை, னை, ணா, றா போன்ற பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்த கொம்பு போடும் பழைய 'லை' போய்விட்டது. கரும்பலகையில் ஆயா உடனே மாற்றிக்கொண்டார். மளிகைச் சீட்டில் மட்டும் கடைசிவரை கடலை, வெற்றிலை எல்லாம் தும்பிக்கையோடுதான் போகும். கடைக்காரப் பையன் முழிப்பான். "அது கவர்மென்ட் எழுத்து, இது என் எழுத்து" என்பார்.

ஓய்வுபெற்ற பிறகு திண்ணையே ஆபீஸ் ஆகிவிட்டது. உதவித்தொகை, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று எந்த விண்ணப்பத்தோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, "பொண்ணு ஸ்கூலுக்குப் போவுதா?" போகவில்லை என்றால் மூக்குக் கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன் என்பார், அது நெற்றியிலேயே இருக்கும். போகிறது என்றால் மளமளவென்று எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், யாராவது முள்ளு கத்தரிக்காய் கொண்டுவந்தால் வேண்டாமென்று சொன்னதில்லை. பீடி பற்றவைக்கிறவர்களுக்கு மட்டும் அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. எங்கள் தாத்தாவே அதற்குத் தெருக்கோடி டீக்கடைக்குத்தான் போவார்.

நன்றி, வணக்கம்.