விரலில் துணி சுற்றியவள் கடலுக்குப் பகையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மன்னார் வளைகுடாப் பாதுகாப்புத் திட்டங்கள் கடலோர மக்களை வாழ வைத்தனவா, வாட வைத்தனவா? வாட வைத்தன என்று சொல்லவே எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளை மேடைக்கு இழுத்து வந்தார். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே அவற்றைக் கடலுக்குக் கொடுத்துவிட்டோம், காவல் இல்லாவிட்டால் மிச்சத் தீவுகளும் போயிருக்கும் என்றார். அந்த வழக்கில் நானும் அவர் கட்சி. வெட்டியவர்களில் கரைக்காரர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் பவளத் திருடனுக்குப் போட்ட வேலி யார் காலைக் கிழித்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

1986-ல் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்ணுக்கோ அது அவள் அம்மா கடற்பாசி எடுத்த இடம். வத்தை என்ற சிறு படகில் தீவோரம் போகிறாள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறாள், கண்ணாடி மாட்டுகிறாள், மூச்சடக்கி மூழ்குகிறாள். பாறையில் முளைத்த மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் போடுகிறாள். கரையில் காய வைத்து வியாபாரியிடம் எடை போட்ட பிறகு, அது அகர் என்ற உறையவைக்கும் பொருளாகி ஜெல்லிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. அதே வேலைக்கு இப்போது அத்துமீறல் என்று பெயர். பிடிபட்டால் பாசியும் போகும், அபராதமும் வரும். பூங்கா என்றால் பூப்பறிக்கக் கூடாதுதான்; ஆனால் பூங்கா வருவதற்கு முன்பே பறித்துக்கொண்டிருந்தவளை என்ன செய்வது?

“மாற்று வாழ்வாதாரம் தந்தோமே” என்றார் எதிரணி அம்மையார். தந்தார்கள். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கச் சொன்னார்கள். சில வருடம் பெண்கள் கையில் காசும் புழங்கியது. 2008-ல் பார்த்தால், அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடிக்கொண்டிருக்கிறது! கையால் பாசி பறிப்பவளிடமிருந்து பவளத்தைக் காப்பாற்றப் போய், பவளத்துக்கே போர்வை போர்த்திவிட்டார்கள். 2013-க்குப் பிறகு அந்த விளைச்சலும் சரிந்தது. தெப்பமும் போயிற்று, தீவும் மூடியிருக்கிறது. அவள் எங்கே போவாள் அம்மா?

கடலடியில் ஊரும் கடல் அட்டை என்ற உயிரையும் கொஞ்சம் பாருங்கள். 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத் தடை போட்டோம். கூப்பிடு தூரத்தில் இலங்கைக் கரையில் உரிமம் வாங்கி அட்டை எடுக்கிறார்கள், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர்ந்தால் புலி, அந்தப் பக்கம் ஊர்ந்தால் ஏற்றுமதிச் சரக்கு. பாவம், அட்டைக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

கடல் பிழைத்ததே என்பார்கள். கடலடியைச் சுரண்டி இழுக்கும் விசைப்படகு வலைக்கு ஆண்டில் 61 நாள் ஓய்வு. மற்ற மாதங்களில் அது கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2016-ல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. சூட்டைப் பிடித்து அபராதம் போட எந்தக் காவலராலும் முடியவில்லை. ஆக, கைக்கு எட்டியது அந்தப் பெண்ணின் பாசிப் பை ஒன்றுதான்.

நடுவர் அவர்களே, நான் பாதுகாப்பே வேண்டாம் என்று பேசவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் தண்ணீருக்குள்ளேயே இருந்தார்கள் என்கிறேன். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்று பாசி எடுக்கும் பெண்களே தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி வளர விட்டுவிடுவது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பட்டினியோடு பழகியவர்கள் வருமானத்தில் ஒரு பகுதியைத் தாங்களாகவே தள்ளி வைப்பது லேசான காரியமா? அந்தப் பெண்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளைக் காப்பவர்களுக்கான பரிசு அது! அமெரிக்காவிலிருக்கும் அமைப்புக்குக் காவலராகத் தெரிந்தவர், இங்கே அத்துமீறியவர்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: அந்த 12 நாள் கணக்கு எந்த அரசாணையில் இருக்கிறது?