ஓட்டியவருக்கு என்ன தெரிந்திருந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஓர் உயிரைப் பறித்தவருக்கு என்ன தண்டனை? டீக்கடையில் கேட்டால் தூக்கு என்பார்கள். எங்கள் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால், "எந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்போம். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்பது ஒரு பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 106. பொதுவாக ஐந்து ஆண்டு வரை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், நடுவர் நீதிமன்றத்திலேயே விசாரணை. இன்னொன்று, கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல். பழைய 304இன் இரண்டாம் பகுதி, இப்போது 105. பத்து ஆண்டு வரை சிறை. ஜாமீன் எளிதில் கிடைக்காது. அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும். இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: தன் செயலால் யாராவது சாகக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா?

"போதையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். 1956லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. இன்றைய பஞ்சாப் பக்கம் அன்று இருந்த பெப்சு மாநிலத்தில் ஒரு கல்யாண விருந்து. நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் (இளநிலை அதிகாரி) ஒருவர், பதினைந்து பதினாறு வயதுப் பையனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியால் சுட்டுவிட்டார். தானாகக் குடித்தவருக்கு, குடிக்காமல் இருந்தால் எந்த அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று நீதிமன்றம் விளக்கியது. கொலைக் குற்றமும் உறுதியானது. அந்த விதி இன்றைய சட்டத்தில் 24ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது.

சாலைக்கு வருவோம். மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு. 2006 நவம்பர் 12, விடிவதற்கு முன். சாலை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் நடைபாதையில் படுத்திருந்தார்கள். ஒரு கார் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீதம் மது. விசாரணை நீதிமன்றம் அதை அலட்சியம் என்று கொண்டு ஆறு மாதச் சிறை கொடுத்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! கொதித்தெழுந்தவர்களில் உயர் நீதிமன்றமும் ஒன்று. தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்த குற்றம்தான் என்று தீர்மானித்து மூன்று ஆண்டு விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்று ஆண்டும் போதாது, ஆனால் தண்டனையைக் கூட்டக் கேட்டு மாநில அரசு மேல்முறையீடு செய்யவில்லையே என்றும் சொன்னது. அரசு ஏன் செய்யவில்லை? அரசு வழக்கறிஞராக நின்றவன் என்ற முறையில் எனக்கு அது கூச்சமாகவே இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி லோதி ரோடு வழக்கு முடிந்தது. 1999இல் ஒரு பிஎம்டபிள்யூ மோதி ஆறு பேர் இறந்திருந்தார்கள்; அவர்களில் மூவர் போலீஸார். நிற்காமல் போன காரிலிருந்து வழிந்த எண்ணெய்த் தடத்தைப் பின்பற்றியே போலீஸ் ஒரு வீட்டு வாசல்வரை போனது. அங்கே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலட்சியம் அல்ல, கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்த குற்றம்தான் என்றது உச்ச நீதிமன்றம். தண்டனையோ, ஏற்கெனவே அனுபவித்த சிறையே போதும், கூடவே ஐம்பது லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டு சமூக சேவையும். பெரிய பிரிவு, சின்னத் தண்டனை.

ஆகவே தண்டனையைக் கூட்டு என்ற கூச்சலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் கண் வேறிடத்தில் இருக்கிறது: ஆஸ்பத்திரியில், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில்.

மோட்டார் வாகனச் சட்டம் நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம் மதுவை எல்லையாக வைத்திருக்கிறது. உடல் மணிக்கு ஏறத்தாழ பதினைந்து மில்லிகிராமைக் கரைத்துவிடும். இரவு ஒரு மணிக்கு நூறு இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுத்தால் இருபத்தைந்துதான். அந்த ஆள் எல்லைக்குள்தான் இருந்தார் என்றே அறிக்கை படிக்கும்! கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை என்று அதே சட்டத்தின் 202ஆம் பிரிவு சொல்வது இதனால்தான். சோதனைக்கு மறுத்தால், தக்க காரணம் இல்லாதபோது, அதுவே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும்.

குறுக்கு விசாரணையில் மருத்துவரிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? "ஊசி குத்தும் முன் தோலை எதனால் துடைத்தீர்கள்?" ஸ்பிரிட் என்று அவர் சொன்னால் போதும், அதுவும் ஆல்கஹால்தானே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முகம் மலர்ந்துவிடும். ரத்தம் கெடாமல் இருக்கக் குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு போட்டீர்களா, முத்திரை வைத்தது யார், ஆய்வகத்துக்குப் போகும்வரை எங்கே இருந்தது, ஒவ்வொன்றும் ஓட்டை தேடும் கேள்வி.

2024 மே மாதம் புனே கல்யாணி நகரில், பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே மோதி இரண்டு மென்பொறியாளர்கள் இறந்தார்கள். முந்நூறு வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்ன ஜாமீன் நிபந்தனையை நாடே பேசியது. எனக்கு உறுத்தியது, ரத்த மாதிரி மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டில் அரசு ஆஸ்பத்திரி மருத்துவர்கள் கைதானது. குப்பி மாறிவிட்டால் 105 என்ன, 106 என்ன?

இப்படி ஓர் இழப்பு உங்கள் வீட்டுக்கு நேர்ந்தால், அந்த நேரத்தில் சட்டம் பேச மனம் வராதுதான். உறவினர் யாராவது ஒருவர் மூன்று விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு, ஓட்டியவரிடம் ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள். புகார் கொடுத்தவருக்கு அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பிரிவு தவறு என்று தோன்றினால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் கேளுங்கள். தீர்ப்புக்கு முன்புவரை குற்றச்சாட்டைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.