தேர்வு முடிந்த பிறகு கோடு நகரலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

தேர்வு எழுதி முடித்த பிறகு பாஸ் மார்க் என்ற கோட்டை மாற்றலாமா என்பதுதான் என் பேச்சு. ஒரு முக்கோணத்திலிருந்து தொடங்குகிறேன். நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம். அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: பக்கங்கள் 5, 2, 13 சென்டிமீட்டர், ஹெரான் சூத்திரத்தால் பரப்பளவு காண்க. 12 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 விடுபட்டுப் போய்விட்டது. ஐந்தும் இரண்டும் ஏழு, பதின்மூன்றை எட்டவே எட்டாது. அப்படி ஒரு முக்கோணம் கிடையாது.

விடைத்தாள் திருத்தும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு பையன் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்ததும் அடித்துவிட்டு மறுபடி போட்டிருந்தான். அதையும் அடித்து மூன்றாம் முறை. ஒன்றரைப் பக்கம் முழுக்க அடித்தல். அடுத்த இரண்டு கேள்விகளை அவன் தொடவே இல்லை. நாங்கள் எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் போட்டோம். கேள்வியை விட்டுவிட்டுப் போனவனுக்கும் ஐந்து, இவனுக்கும் ஐந்து. போன நேரத்தை யார் கொடுப்பது? அந்த ஐந்தையும் சேர்த்து அவனுக்கு 30தான் வந்தது. தேறுவதற்கு 35 வேண்டும்.

நிறையப் பேர் தேறவில்லை. பாஸ் மார்க்கைக் குறைத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் அறையில் பேச்சு வந்தது. நானும் சரி என்றேன். பட்டியலை விரித்து வைத்து, கீழே இருப்பவர்களைப் பெயர் பெயராகப் படித்தோம். இவன் நல்ல பையன், இவளுடைய அப்பா வந்து கேட்பார் என்று பேசிப் பேசி 31-இல் நிறுத்தினோம். மறுநாள் அந்த அடித்தல் பையன் வந்து நின்றான். "சார், 31 பாஸ்னு எப்ப சொன்னீங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

தேர்வு முடிந்த பிறகு எதையுமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வித்தாள் தப்பாக இருந்தால் சரி செய்யத்தான் வேண்டும். தாள் அளவுக்கு மீறிக் கடினமாக அமைந்துவிட்டால் மாணவன் என்ன செய்வான்? தாளைப் பார்த்துக் கோட்டை நகர்த்தலாம், ஆளைப் பார்த்து நகர்த்தக்கூடாது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஆளை.

தாளைப் பார்த்துக் கோடு போட வழி இருக்கிறது. பாடம் தெரிந்த சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, 'தேறும் எல்லையில் நிற்கிற நூறு பேரில் எத்தனை பேர் இதைச் சரியாகப் போடுவார்கள்?' என்று மதிப்பிடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் பாஸ் மார்க் வந்துவிடும். வில்லியம் ஆங்காஃப் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. தாள் கடினமானால் கோடு தானாக இறங்கும். ஒரு பெயரைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

போன நேரத்தை மதிப்பெண்ணால் ஈடுகட்டப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2024 நீட் தேர்வில் நாடே பார்த்தது. சில மையங்களில் நேரம் போய்விட்டது என்று 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள். சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று குறையும், மொத்தம் 720. ஒரு கேள்வியை விட்டால் 716, ஒன்று தப்பானால் 715. அந்தத் தேர்வில் 718, 719 என்று மதிப்பெண் வந்தால் மக்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே அந்த மதிப்பெண்கள் ரத்தாகி, ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது. எழுத வந்தவர்கள் 813 பேர்.

கோட்டை ஏற்றினாலும் இதே கதைதான். ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் 13 மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள். 21 பேர் எழுதினார்கள். எழுதி முடித்த பிறகு 75 சதவீதம் வாங்கியவர்களை மட்டும் எடுப்பது என்று முடிவானது, மூன்று பேர்தான் தேறினார்கள். இந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 7 அன்று தீர்ப்புச் சொன்னது. தகுதி அளவுகோல் வைக்கலாம், ஆனால் அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும் என்றது. அந்தப் பையன் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

2017-இல் சிபிஎஸ்இ, தாள் கடினமாக இருந்தால் மதிப்பெண்ணைக் கூட்டிச் சீராக்கும் முறையைக் கைவிடப் பார்த்தது. முறை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு அதை எடுக்கக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அது முழுக்கச் சரி.

மனசை அறுக்கிற ஒன்று 2023 நீட் முதுநிலை. பொதுப் பிரிவுக்கு 50 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் பாதிப் பேரையாவது முந்த வேண்டும் என்று சொல்லி நடத்தினார்கள். அப்புறம் செப்டம்பரில் எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் என்றார்கள், தேர்வு எழுதினாலே போதும் என்று ஆகிவிட்டது. இடங்கள் காலியாகக் கிடந்தன, உண்மைதான். ஒரு மருத்துவ இடம் வீணாவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்று, இந்த வருஷம் கிடைக்காது என்று நம்பி வேறு வழி பார்த்துப் போன மருத்துவரை நினைத்துப் பாருங்கள். 'இடம் மிஞ்சினால் கோடு இந்த அளவுக்கு இறங்கும்' என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டிருந்தால் அவர் காத்திருந்திருப்பார்.

இங்கே ஆசிரியர்கள் நிறைய இருக்கிறீர்கள். அடுத்த தேர்வுக்குக் கேள்வித்தாள் அச்சுக்குப் போகும்போதே இன்னொரு தாளையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாஸ் மார்க் எவ்வளவு, கேள்வி தப்பாக இருந்தால் என்ன செய்வோம், யார் முடிவெடுப்பார்கள் என்று அதில் இருக்கட்டும். அந்த முடிவெடுக்கிற அறைக்குள் மதிப்பெண் பட்டியல் போகும்போது, பெயர் வரிசையை மடித்து மறைத்துவிட்டு அனுப்புங்கள்.