கந்தல்னு சொன்னீங்களே தம்பி!

நடுவர் அவர்களே, எங்க அணித் தலைவி அக்கா, எதிரணியினர், ஹூஸ்டன் வெயில்ல இவ்ளோ தூரம் கார் ஓட்டிட்டு வந்து உக்காந்திருக்கிற நீங்க எல்லாரும், வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள நெறைய சொல்லணும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

தலைப்பு, மனசுக்கு நெருக்கமானது பாரம்பரிய குவில்ட்டா மாடர்ன் குவில்ட்டா. குவில்ட்னா, துணித் துண்டுங்கள ஒட்டுச் சேத்து, நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற போர்வை. நான் பாரம்பரியம். மாடர்ன் குவில்ட் அழகில்லன்னு சொல்ல நான் வரல. பெரிய வெள்ளை இடம் விட்டு, நாலே கலர வச்சு, கோணல் கோடு போட்டு அவங்க பண்றத நானே கண்காட்சியில நின்னு ரசிச்சிருக்கேன், 2009ல அதுக்குன்னு தனி சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க, நல்லா இருக்கட்டும்.

ஆனா எனக்கு முன்னாடி பேசின தம்பி ஒரு வார்த்த விட்டாரே, அதுக்கு நீங்களும் கை தட்டுனீங்களே, அத விட்டுட்டு என்னால மேல போக முடியாது. என்ன சொன்னாரு? "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க, கண்ணாடி போட்டு மாட்டுன்னு சொல்லல. பழைய சட்டைய வெட்டி பாட்டிங்க ஒட்டுப் போட்டதுக்குப் பேரு கலை இல்ல, சிக்கனம்." இதான தம்பி சொன்னீங்க? சரி. கந்தல். அந்தக் கந்தலப் பத்தியே பேசுவோம்.

ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ்னு ஒரு ஊர். அங்க ஹாரியட் பவர்ஸ்னு ஒரு அம்மா. 1837ல அடிமையா பொறந்தவங்க. அந்த அம்மா ஒரு குவில்ட் தச்சாங்க, 11 கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் பைபிள் கதை, ஆதாம் ஏவாள் ஒரு கட்டம், யாக்கோபு கனவுல கண்ட ஏணி ஒரு கட்டம், கடைசி விருந்து ஒரு கட்டம்னு துணிய உருவமா வெட்டி மேல வச்சுத் தச்சது. 1886ல அங்க நடந்த பருத்திக் கண்காட்சியில அத வச்சாங்க. ஜென்னி ஸ்மித்னு ஒரு ஓவிய டீச்சர் பாத்துட்டு அசந்து போய், தேடிப் போய், எவ்வளவு வேணும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? எந்த வெலைக்கும் இது விக்கிறதுக்கில்ல.

அடிமையா பொறந்த ஒரு பொம்பள, சொந்தமா காசு பணம்னு பெருசா இல்லாதவங்க, எந்த வெலைக்கும் இல்லன்னு சொல்றாங்க! (இந்தத் தட்டல் எனக்கு வேணாம், அந்த அம்மாவுக்குத் தட்டுங்க.)

சில வருஷம் போச்சு. குடும்பத்துல கஷ்டம் வந்துருச்சு. ஒரு நாள் மத்தியானம் அந்த டீச்சர் வீட்டு வாசல்ல ஒரு மாட்டு வண்டி வந்து நிக்குது. வண்டியில ஹாரியட் அம்மா. மடியில ஒரு பொட்டலம். மேல சாக்கு. சாக்க பிரிச்சா உள்ள சுத்தமா துவச்ச மாவு மூட்டைத் துணி. அதப் பிரிச்சா உள்ள குவில்ட். கவனிச்சீங்களா தம்பி, ரெண்டு சுத்து சுத்தி, வண்டியில கீழ வைக்க மனசில்லாம மடியில வச்சுக் கொண்டு வந்திருக்காங்க, பச்சப் புள்ளைய டாக்டர் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

பத்து டாலர் கேட்டாங்க. டீச்சர் எங்கிட்ட அஞ்சுதான் இருக்குன்னுட்டாங்க. ஹாரியட் அம்மா பதில் சொல்லாம வெளிய போனாங்க, வீட்டுக்காரர்கிட்ட கலந்து பேசினாங்க, திரும்பி வந்தாங்க, காலம் கெட்டுக் கெடக்கு, வாங்கிக்கச் சொல்றாருன்னாங்க. அஞ்சு டாலர். இன்னிக்கு ஒரு கெஜம் நல்ல குவில்ட் துணி அந்தக் காசுக்குக் கெடைக்குமா? கடைக்குப் போறவங்களுக்குத் தெரியும். அந்த அஞ்சு டாலருக்கு 11 கட்டத்தயும் குடுத்துட்டு, சும்மா போகல, ஒவ்வொரு கட்டத்துக்கும் இது என்ன, இதுல யாரு நிக்கறாங்கன்னு உக்காந்து வெளக்கமாச் சொல்லிட்டுத்தான் போனாங்க. பொண்ணக் கட்டிக் குடுத்த அம்மா, இவளுக்கு இது புடிக்கும், இது ஆகாதுன்னு சம்பந்தியம்மாகிட்ட சொல்லிட்டு வர்ற மாதிரி.

கத முடியல. அதுக்கப்புறம் அந்த அம்மா பல தடவ அந்த வீட்டுக்கு வந்தாங்க. காசுக்கு இல்ல. தான் தச்சத ஒரு தடவ பாத்துட்டுப் போறதுக்கு. மறுபடி சொல்றேன், வித்த பொருள, காசும் வாங்கின பொருள, பாக்கறதுக்குத் திரும்பத் திரும்ப வந்தாங்க! சிக்கனத்துக்குத் தச்சவங்க எதுக்குத் தம்பி திரும்ப வரணும்?

அந்தக் குவில்ட் இப்ப எங்க இருக்கு? வாஷிங்டன்ல, ஸ்மித்சோனியன் மியூசியத்துல. கண்ணாடி போட்டு மாட்டலாமான்னு கேட்டீங்கல்ல, நாடே பாதுகாத்து வச்சிருக்கு.

இன்னொண்ணு சொன்னீங்க, பாரம்பரியம்னா எல்லாத்தயும் கையாலதான் தைக்கணும், வேலைக்குப் போற பொண்ணுக்கு எங்க நேரம்னு. ஹாரியட் அம்மா கையாலயும் தச்சாங்க, மிஷின்லயும் தச்சாங்க. மிஷினோட எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்ல.

முதல் மணி. சரி நடுவர் ஐயா, முடிச்சுடறேன்.

அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பொம்பளைங்க தச்ச குவில்ட்டெல்லாம் 2002ல நம்ம ஹூஸ்டன் மியூசியத்துக்கே வந்துச்சு, அப்புறம் நியூயார்க் போச்சு. தம்பியும் அத மாடர்னுக்கு உதாரணமாச் சொன்னாரு, ஆனா ஏன் தச்சாங்கன்னு சொல்லல. அங்க மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா, வீட்டுக்காரர் தவறிட்டாரு. அவர் வயக்காட்டுல உழைச்சப்ப போட்டிருந்த துணியெல்லாம் எடுத்து, முட்டி தேஞ்ச பேண்ட், வெளுத்துப் போன சட்ட, எல்லாத்தயும் கிழிச்சு 1942ல ஒரு குவில்ட் தச்சாங்க. மகள்கிட்ட என்ன சொன்னாங்கன்னா, அவர நெனச்சுக்கறதுக்கும், அந்த அன்புக்காக அதப் போத்திக்கிட்டுப் படுக்கறதுக்கும்தான்னு. அதுவும் கந்தல்தான். புதுத் துணியில அந்த மனுஷன் எங்க இருப்பாரு, சொல்லுங்க?

எங்கம்மா தவறினப்ப நான் இங்கருந்து போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. இங்க இருக்கிற நெறைய பேருக்கு இந்த வலி தெரியும். திரும்பி வர்றப்ப அம்மா பீரோவுலருந்து அஞ்சு நூல் சேலை எடுத்துட்டு வந்தேன். ரெண்டு வருஷம் தொடவே முடியல. அப்புறம் ஒரு நாள் வெட்ட உக்காந்தேன். லாக் கேபின் பிளாக்னு ஒரு பழைய குவில்ட் டிசைன், நடுவுல ஒரு சின்ன செவப்புச் சதுரம், சுத்தி சுத்திப் பட்டை வரும், அந்தச் செவப்பு வீட்டு அடுப்பு நெருப்புன்னு இங்க பழைய ஆளுங்க சொல்வாங்க. அம்மாவோட அரக்குச் சுங்குடியில முந்தி ஓரம் ஒரு இடத்துல மட்டும் கசங்கி, எத்தன தடவ அயர்ன் பண்ணியும் நேராகவே இல்ல. அம்மா காசு முடிஞ்சு வைக்கிற எடம் அது. ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப அந்த முடிச்ச அவுத்துத்தான் எனக்கு எட்டணா குடுப்பாங்க. அந்தக் கசங்கலத்தான் நடுச் சதுரமா வச்சேன்.

பொண்ணு காலேஜுக்குப் போறப்ப அந்தக் குவில்ட்டக் கொண்டு போயிட்டா. ரெண்டாவது மணியும் அடிச்சுட்டாங்க, இத மட்டும் சொல்லிடறேன். பரீட்சை சமயம், ராத்திரி ஒரு மணிக்குப் போன் பண்ணி அழறா, தூக்கம் வரலம்மான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அம்மாச்சி காசு வச்ச முடிச்சு இதுல எந்த எடம்மான்னு கேட்டா. நடுவுல, கசங்கலா இருக்கும் பாரு, கையில தட்டுப்படும்னேன். ஆமாம்மா இருக்குன்னா. அப்புறம் பேச்சே இல்ல. போன் வைக்காமலே தூங்கிட்டா. நானும் வைக்கல, ரொம்ப நேரம் அவ மூச்சு விடற சத்தத்தக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

வணக்கம் நடுவர் அவர்களே.