பெத்தாவின் வட்டா

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். எட்டு நிமிடம்தான் எனக்கு. மாலை மரியாதைக்கு நேரமில்லை, நேரே வழக்குக்கு வருகிறேன்.

வளரும் பிள்ளைகளைப் பெரிதும் கெடுப்பது ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போன்ற கள்ளப் போதையா, கண்முன்னே கிடக்கும் மதுவும் புகையிலையும் பாக்குமா? இரண்டாவதுதான் எங்கள் கட்சி. ஐஸைப் பற்றி எதிரணித் தம்பி சொன்ன ஆபத்தெல்லாம் உண்மை. 5 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 2022 இல் இலங்கையில் சட்டமும் வந்துவிட்டது. அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் தம்பி இறங்கும்போது ஒரு பகிடி விட்டார். "எங்கட பெத்தா 87 வயது மட்டும் வெத்தில போட்டவ. முழங்கால் நோவைத் தவிர ஒரு வருத்தமும் வரல்ல. இவங்க வட்டாவைக் கண்டு நடுங்குறாங்க!" என்றார். பெத்தா என்றால் பாட்டி, வட்டா என்றால் அவ வெற்றிலை வைக்கும் தட்டு. நீங்களும் கைதட்டினீர்கள். சரி, பெத்தாவிடமே போவோம்.

திண்ணையில் காலை நீட்டி இருக்கிறா பெத்தா. வட்டாவை இழுக்கிறா. வெற்றிலையைத் துடைத்து, நுனியைக் கிள்ளி, சுண்ணாம்பு பூசி, பாக்குவெட்டியால் பாக்கைச் சீவி, ஒரு கிள்ளு புகையிலை வைத்து மடிக்கிறா. பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பேரன். "பெத்தா, எனக்கும் ஒரு கூறு." பெத்தாவுக்கு அறிவில்லையா? இருக்கிறது. புகையிலையை ஒதுக்கிவிட்டு, "இந்தா மனே, பாக்கு மட்டும்" என்கிறா.

பாக்கு மட்டும்! சபையோரே, அந்த இரண்டு சொல்லில்தான் எங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கில் அரிகோலின் என்றொரு பொருள் உண்டு. அதனால் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் சேரச் சேர அந்தத் தோல் தடிக்கும். முதலில் உறைப்பு பட்டால் வாய் எரியும். பிறகு உட்கன்னம் வெளிறும், இறுகும். கடைசியில் வாய் திறக்காது.

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், மூன்றையும் சேருங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வையுங்கள். கடைசி வரிசைத் தம்பிமாரும் வையுங்கள். மூன்று விரலும் போகிறதா? நல்லது. இரண்டுதான் போகிறதென்றால் வெட்கப்படாமல் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போங்கள். பாக்கை விட்டால் நோய் மேலே போவது குறையும். ஆனால் இறுகிய தோல் பழையபடி இளகாது. பதினேழு வயதில் கொத்துரொட்டியை வாய்க்குள் வைக்க வழியில்லாமல், தேத்தண்ணியில் நனைத்த பாணை ஒதுக்கி ஒதுக்கித் தின்னும் பொடியன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஐஸைக் கண்ணாலும் கண்டவனல்ல. "பாக்கு மட்டும்" தின்றவன்.

பெத்தாவுக்கு ஏன் வரவில்லை என்று தம்பி கேட்பார். வராதவர்தான் திண்ணையில் இருந்து கதை சொல்லுவார் தம்பி. வந்தவர் சொல்ல இல்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெத்தா சோறு தின்ற பிறகு ஒரு கூறு போட்டுத் துப்பினா. இன்றைய பிள்ளை இனிப்பும் வாசமும் ஏற்றிய பாக்குப் பக்கெட்டை உடைத்து, பாடம் முடியுமட்டும் கன்னத்தில் அடக்கி வைக்கிறான். அதில் புகையிலையும் இருந்தால், கூட இருக்கும் சுண்ணாம்பு நிக்கொட்டினைத் தோலுக்குள் விரைவாக இறக்கிவிடும். மூளையில் நிதானத்தைக் காக்கும் முன்பகுதி இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. கட்டி முடியாத வீட்டில் குடியேறிய கள்ளனை இலேசில் கிளப்ப முடியாது.

இன்னொன்று. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக் கூடாது. "பெத்தா வாங்கிவரச் சொன்னா" என்று பிள்ளை வந்து நின்றாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது.

மதுவுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். "பியர்தானே" என்கிறோம். 8.8 சதவீதப் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் மதுசாரம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 48 கிராம். வளர்ந்த ஆளின் ஈரலே மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். தேசிக்காயோ கோப்பியோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதைக் கூட்டாது.

திருவிழா இரவில் கூட்டாளிமார் ஒரு பொடியனைத் தூக்கி வந்து வாசலில் விடுகிறார்கள். அம்மா என்ன செய்வா? பாயை விரித்து மல்லாக்கக் கிடத்தி, "தூங்கி எழும்பட்டும்" என்று விளக்கை அணைப்பா. சத்தி, அதாவது வாந்தி, மூச்சுக்குழாய்க்குள் போவது அந்த இருட்டில்தான். அம்மாமாரே, சரித்துக் கிடத்துங்கள், ஒருச்சாய்வாக. வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உதடு நீலமானால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசு கட்ட வேண்டாம். ஏச்சை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை பக்கத்திலேயே இருங்கள்.

முன்வரிசையில் இருக்கிற பெத்தாமாரே, உங்களைப் பிழை சொல்ல நான் ஏறவில்லை. நீங்க அன்பிலதான் குடுத்தீங்க. காய்ச்சல் வந்தா இரா முழுக்க நெத்தியில கை வச்சிருந்த ஆக்கள் நீங்க. அந்தக் கையாலதான் கேக்கிறன். நாளைக்குப் பேரன் பக்கத்தில வந்து கை நீட்டுவான். வட்டாவை அலுமாரிக்கு மேல வச்சிட்டு, அவன்ட கையில ஒரு துண்டு கச்சான் அலுவா வைங்க. அப்பிடியே, "வாயத் திற மனே, மூணு விரல் போகுதா எண்டு பாப்பம்" எண்டு கேளுங்க.