அங்குலம் அங்குலமாக

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'இன்ச் பை இன்ச்' என்று ஒரு தொடர் உண்டு. பள்ளியில் 'சிறிது சிறிதாக' என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த தொடருக்குப் போய்விடுவோம். அது பாதிப் பொருள்தான். சேமிப்பு சிறுகச் சிறுகச் சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'லிட்டில் பை லிட்டில்' என்பதே பொருத்தம். எதிரில் ஒரு தடை இருந்து, ஒவ்வொரு அங்குலத்தையும் பாடுபட்டுக் கடக்கும்போதுதான் இன்ச் அங்கே வந்து நிற்கும். பாரம் ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயில் முதல் கியரில் முக்கி முனகி மேடேறுகிறதே, அதற்கு அப்படியே பொருந்தும்.

இன்னொரு பொருளும் உண்டு. போலீசார் ஒரு வீட்டை 'அங்குலம் அங்குலமாக' சோதனையிட்டார்கள் என்று நம் நாளிதழ்கள் எழுதுவது அந்தப் பொருளில்தான். ஓரிடம் விடாமல் என்று அர்த்தம்.

ஓர் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு இன்ச். 2.54 சென்டிமீட்டர் என்று பல நாடுகள் சேர்ந்து உறுதிசெய்தது 1959-ல். ஆனால் நம் பக்கத்து விவசாயிக்கு இன்ச் என்றால் தண்ணீர். போர் போட்ட வீட்டுக்குப் போனால் முதல் கேள்வியே 'எத்தனை இன்ச் தண்ணி?' என்பதுதான். ஒன்றரை இன்ச் என்றால் முகம் மலர்ந்துவிடும்.

அந்தத் தண்ணீரில்தான் நம் மாவட்டங்களின் பெருந்துயரமும் இருந்தது. பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை. பலருக்கு மூட்டு இறுகி, முதுகு வளைந்தே போனது. வலியில்லாமல் ஆரம்பித்து, உடம்பை அங்குலம் அங்குலமாகப் பிடிக்கும் நோய் இது. ஆங்கிலத் தொடரின் முழு வலுவும் எனக்கு விளங்கியது இந்த நோயை நினைத்தபோதுதான்.

மீட்சியும் அப்படியேதான் வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளத்தில் ஓடும் காவிரியை மேட்டுக்கு ஏற்றி, குழாய் குழாயாக ஊர்களுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர் வந்த மறுநாளே நோய் போய்விடாது. ஏறிய கறை தானாக மறையாது, வளைந்த எலும்பு நிமிராது. நிலைத்த பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதுக்குள் நல்ல தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில்தான் பலன் தெரியும். ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும் வேலை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காவிரித் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறும் குழம்பும் போர் தண்ணீரில் சமைக்கும் வீடுகள் உண்டு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலை வைக்கவும் குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள்.

வணக்கம்.